கரியமாணிக்கம்

மதுரையிலிருந்து தென்மேற்கு நோக்கிச் செல்வார்க்கு, வானத்தின் விளிம்பில் நீலத்திரை விரித்தாற்போன்று மேற்குத் தொடர்ச்சி மலை தோன்றும். அம்மலையில் சித்தர் வாழும் இடமென்று மக்கள் போற்றும் சதுரகிரி உள்ளது. அதன் அடிவாரத்தை அடுத்து, நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் கண்மாய்களும் சூழ விளங்குவது வத்திராயிருப்பு என்னும் ஊர். ஏரும் ஏடும் ஒருங்கே பயின்ற குடும்பங்கள் அங்கே இருந்தன. அத்தகைய குடும்பமொன்றிற் பிறந்து, ஒளியின் இயல்பையும் படிகத்தின் இயல்பையும் உலகிற்கு எடுத்துக்காட்டிய பெருமகனாரே கே. எஸ். கிருஷ்ணன். கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் என்பது அவரது முழுப்பெயர். கரியமாணிக்கம் என்பது திருமாலைக் குறிக்கும் திருப்பெயர். கருநிற மணி என்பது அதன் பொருள். அப்பெயருக்கும் அவரது வாழ்க்கைக்கும் உள்ள பொருத்தத்தை இப்பாடத்தின் முடிவிற் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

கிருஷ்ணன் 1898ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4ஆம் நாள் பிறந்தார். அவருடைய தந்தையார் வேளாண்மை செய்துவந்தவர். தமிழிலும் வடமொழியிலும் புலமை பெற்றவர். தந்தையாரின் நூற்பற்று மைந்தரிடத்தும் படிந்தது. அறிவியலிற் பெரும்புகழ் பெற்ற பின்னரும் கிருஷ்ணன் இருமொழி இலக்கியங்களிலும் நீங்காத ஈடுபாடு உடையவராய் விளங்கினார்.

தொடக்கக் கல்விக்குப் பின் அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்றார். ஆண்டாள் பிறந்த அவ்வூரின் வானளாவிய கோபுரத்தைக் கண்டு வளர்ந்த அச்சிறுவருக்கு, அறிவியலில் வேட்கையை ஊட்டியவர் அப்பள்ளியின் ஆசிரியர் ஒருவர். பின்னாளில் கிருஷ்ணன் அவ்வாசிரியரை நன்றியுடன் நினைவுகூர்ந்தார். பெரிய ஆய்வுக்கருவிகள் இல்லாத பள்ளியிலும் கேள்வி கேட்கும் வழக்கத்தை மாணவர் உள்ளத்தில் விதைக்க இயலும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவர் மதுரை அமெரிக்கன் கல்லூரியிற் சேர்ந்தார். வைகையின் வடகரையில் அமைந்த அக்கல்லூரியிற் கற்றபின், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றார். பிறகு வேதியியற் செய்முறைகளை மாணவர்க்கு விளக்கிக் காட்டும் பணியில் அமர்ந்தார். அக்காலத்தில் நண்பகல் உணவு இடைவேளையின்போது அவரைச் சுற்றி ஒரு கூட்டம் கூடும். இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகியவற்றில் எவரும் எந்த ஐயத்தையும் அவரிடம் கேட்கலாம். பிற கல்லூரி மாணவரும் அவ்வுரையாடலைக் கேட்க வருவதுண்டு. கற்றதைப் பிறர்க்கு எளிதாக்கிக் கூறும் ஆற்றல் அவருக்கு இளமையிலேயே வாய்த்திருந்தது.

கல்கத்தாவில்

அந்நாளில் கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் சர் சி. வி. இராமனின் தலைமையில் ஆய்வுப் பணிகளுக்கு நிலைக்களனாய்த் திகழ்ந்தது. இராமன் திருச்சிராப்பள்ளியிற் பிறந்தவர். அவரிடம் ஆராய்ச்சி பயில விரும்பிய கிருஷ்ணன், 1920ஆம் ஆண்டில் கல்கத்தாவிற்குச் சென்றார்.

இராமனும் அவருடைய மாணவரும் அப்போது ஒளிச்சிதறலை ஆராய்ந்துகொண்டிருந்தனர். ஓட்டுவீட்டின் கூரையிடுக்கு வழியே கதிரவன் ஒளி ஒரு கோல்போல உள்ளே விழுவதை நாம் கண்டிருக்கிறோம். காற்றில் மிதக்கும் தூசுகள் அவ்வொளியை நாற்புறமும் சிதறச் செய்வதாலேயே அக்கோல் நம் கண்ணுக்குத் தெரிகின்றது. தூசு சிறிதும் இல்லாத தூய நீரினுள் ஒளியைச் செலுத்தினாலும், நீரின் மூலக்கூறுகள் அதனைச் சிறிதளவு சிதறச் செய்கின்றன. இவ்வாறு சிதறும் ஒளி, உட்சென்ற ஒளியின் நிறத்தையே உடையதாயிருக்கும் என்பது அதுகாறும் அறிஞர் கொண்டிருந்த கருத்து.

ஆயினும் 1923ஆம் ஆண்டில் கே. ஆர். இராமநாதன் என்னும் ஆய்வாளர் ஒரு புதுமையைக் கண்டார். நீரினின்று வெளிப்பட்ட ஒளியில், உட்செலுத்திய ஒளியில் இல்லாத வேறொரு நிறமும் மிக மங்கலாகக் கலந்திருந்தது. இதற்குக் காரணம் யாது? சில பொருள்கள் தம்மேற் படும் ஒளியை விழுங்கிப் பிறகு வேறு நிறத்தில் ஒளிரும். இதனை ஒளிர்வு என்பர். நீரிற் கலந்துள்ள ஏதோ ஓர் அழுக்கின் ஒளிர்வே இது என்று முதலிற் கருதப்பட்டது. அங்ஙனமாயின், அழுக்கை நீக்கினால் அம்மங்கிய ஒளியும் மறையவேண்டும். நீரை மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மை செய்து பார்த்தனர்; ஒளி மறையவில்லை.

கிருஷ்ணன் இவ்வாய்வை மேலும் விரிவாக்கினார். 1924ஆம் ஆண்டளவில் அவர் 65 திரவங்களைத் தூய்மை செய்து, ஒவ்வொன்றாகச் சோதித்தார். திரவத்தைக் கொதிக்கவிடாது மெல்ல மெல்ல ஆவியாக்கி வடிப்பதும், தூசு புகாவண்ணம் கண்ணாடிக் குமிழியில் அடைப்பதும் பெரும்பொறுமையை வேண்டும் செயல்கள். ஒரு குமிழியிற் சிறிது தூசு புகுந்தாலும் அதற்காகச் செய்த உழைப்பு முழுதும் வீணாகும். இவ்வாறு உழைத்தும், பல திரவங்களில் அம்மங்கிய ஒளி தோன்றவே செய்தது. அழுக்கு என்று ஒதுக்கப்பட்ட ஒன்று அழுக்கன்று என்னும் எண்ணம் மெல்ல வலுப்பெற்றது.

இராமன் விளைவு

பின்னர் ஏறத்தாழ ஈராண்டுகள் கிருஷ்ணன் செய்முறையை விட்டுக் கணிதக் கோட்பாட்டு ஆய்வில் ஈடுபட்டிருந்தார். அறிவியலார் நெடுநாள் செய்முறையை விட்டு விலகியிருத்தல் நன்றன்று என்பது இராமனின் கருத்து. ஆதலின் 1928ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களின் தொடக்கத்திற் கிருஷ்ணன் மீண்டும் ஆய்வுக்கூடத்திற் புகுந்தார். அந்நாளின் நிகழ்ச்சிகளை அவர் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்துள்ளார்.

அவர்கள் பயன்படுத்திய கருவிகள் மிக எளியன. ஒரு தொலைநோக்கியின் பெரிய வில்லையால் கதிரவன் ஒளியை ஒன்றுகுவித்தனர். அவ்வொளியை நீல ஊதா நிறக் கண்ணாடி வழியே செலுத்தித் திரவத்தினுட் பாய்ச்சினர். திரவத்தின் பக்கவாட்டில் வெளிப்படும் ஒளியை வேறொரு பச்சைக் கண்ணாடி வழியே நோக்கினர். முதற்கண்ணாடி விடுத்த நிறத்தை இரண்டாம் கண்ணாடி முற்றும் தடுத்துவிடும். நிறம் மாறாதிருந்தால் எதுவும் தெரியலாகாது. ஆயினும் இருளிற் பழகிய கண்ணுக்கு மெல்லிய ஒளி தெரிந்தது. மேலும் அது சாதாரண ஒளிர்வினின்று வேறுபட்டு, ஒரு திசையில் மட்டும் அதிரும் இயல்பு மிக்கதாய்க் காணப்பட்டது.

பிப்ரவரி 7ஆம் நாள் இரவு 9 மணியளவில், இராமன் திடீரெனக் கிருஷ்ணன் தங்கியிருந்த வீட்டிற்கு வந்து அவரை அழைத்தார். காலையிற் கண்டது தாங்கள் நெடுநாள் தேடிய புதிய சிதறலே என்பதை மிக்க கிளர்ச்சியுடன் கூறினார். ஆசிரியரும் மாணவரும் வீட்டின்முன் தெருவில் நின்றவாறே கால்மணி நேரத்திற்கு மேல் அதுபற்றி உரையாடினர். பிப்ரவரி 16ஆம் நாள் எழுதப்பெற்ற சிறு கட்டுரை, இராமன், கிருஷ்ணன் ஆகிய இருவர் பெயராலும் மார்ச்சு 31ஆம் நாள் இலண்டன் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. இதற்கிடையில் பிப்ரவரி 28ஆம் நாள், நிறமாலைநோக்கி வழியே பார்த்தபோது, பழைய நிறமும் புதிய நிறமும் ஓர் இருட்கோட்டாற் பிரிந்து தனித்தனியே தோன்றின. ஐயம் முற்றும் அகன்றது. அந்நாளே 1987ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது.

இவ்விளைவின் உட்பொருளை ஓர் உவமையால் விளக்கலாம். சுங்கச்சாவடியைக் கடக்கும் வணிகன், அங்கே உரிய காசைச் செலுத்தி எஞ்சியதோடு வெளியேறுகின்றான். மூலக்கூறுகள் எப்போதும் அதிர்ந்துகொண்டிருப்பவை. அவற்றைத் தாக்கும் ஒளியில் மிகச் சிறு பகுதி, தன் ஆற்றலிற் சிறிதளவை அவ்வதிர்வுக்குச் செலுத்திவிட்டு நிறம் மாறி வெளிப்படுகின்றது. ஒவ்வொரு வகை மூலக்கூறும் வாங்கும் சுங்கம் வெவ்வேறு. ஆகவே, வெளிப்பட்ட ஒளியின் நிறங்களை அளந்தால், உள்ளே இருந்த மூலக்கூறு இன்னது என்று அறியலாம். ஒரு பொருளை அழிக்காமலே, அதன்மேல் ஒளியை வீசி அதன் கூறுகளை அறியும் வழி இவ்வாறு பிறந்தது.

புகழும் பணியும்

1930ஆம் ஆண்டிற்குரிய இயற்பியல் நோபல் பரிசு இராமனுக்கு வழங்கப்பெற்றது. ஆசியாவில் அறிவியலுக்காக அப்பரிசைப் பெற்றவருள் அவரே முதல்வர். விளைவும் இராமன் பெயராலேயே வழங்கலாயிற்று. வழிகாட்டிய ஆசிரியர் இராமனே. நெடுங்கால ஆராய்ச்சியின் திசையை வகுத்தவரும் அவரே. எனினும், திரவங்களைத் தூய்மை செய்து, இருளில் அமர்ந்து, மங்கிய ஒளியைக் கண்டு உறுதிசெய்ததிற் கிருஷ்ணனின் பங்கு பெரிது. பரிசிலோ பெயரிலோ அவருக்கு இடம் கிட்டவில்லை. அப்பங்கிற்கு உரிய மதிப்பு அவருக்குக் கிடைத்ததா என்னும் வினாவை அறிவியல் வரலாற்றாசிரியர்கள் இன்றும் எழுப்புகின்றனர்.

இத்தகைய நிலையில் உள்ளம் சோர்வது மக்கள் இயல்பு. கிருஷ்ணனோ வேறொரு புதிய துறையிற் புகுந்து, அதில் தமக்கென ஒரு வழியை வகுத்தார். 1928ஆம் ஆண்டிலேயே அவர் டாக்காப் பல்கலைக்கழகத்திற்கு இயற்பியல் ஆசிரியராகச் சென்றார். அங்கே படிகங்களின் காந்த இயல்பை ஆராயத் தொடங்கினார். சிறு படிகம் ஒன்றை மெல்லிய இழையிற் கட்டிக் காந்தப்புலத்திற் தொங்கவிட்டு, அது திரும்பும் அளவைக் கொண்டு அதன் உள்ளமைப்பை அறியும் நுட்பமான முறையைத் தம் துணைவருடன் வகுத்தார். 1933ஆம் ஆண்டிற் கல்கத்தாவிற்குத் திரும்பி, மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராக அமர்ந்து அவ்வாய்வைத் தொடர்ந்தார்.

அங்கே அவர் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று கிராபைட்டு. நாம் எழுதும் பென்சிலின் உள்ளிருக்கும் கரிய பொருளே அது. வைரமும் கிராபைட்டும் கரியணுக்களாலேயே ஆனவை. அணுக்களின் அடுக்குமுறையே இரண்டையும் வேறாக்குகின்றது. கிராபைட்டில் கரியணுக்கள் அறுகோண வலைகளாய்ப் பின்னி, ஏட்டுச்சுவடியின் ஏடுகள்போல ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டுள்ளன. ஏட்டினுள் அணுக்களின் பிணைப்பு வலிது. ஏட்டிற்கும் ஏட்டிற்கும் இடையிலுள்ள பிணைப்பு மெலிது. ஆதலாலேயே பென்சிலைத் தாளில் இழுத்தவுடன் ஏடுகள் கழன்று கோடாகப் படிகின்றன.

காந்தத்தின்முன் கிராபைட்டு ஒரு திசையிற் காட்டும் இயல்பு, மற்றொரு திசையிற் காட்டும் இயல்பினும் பன்மடங்கு மிகுதியாயிருந்தது. அதன் காரணத்தைக் கிருஷ்ணன், கங்குலி என்னும் துணைவருடன் ஆராய்ந்து, 1941ஆம் ஆண்டில் வெளியிட்டார். கிராபைட்டில் உள்ள கட்டற்ற எலக்ட்ரான்கள் ஏட்டின் தளத்திலேயே எளிதில் உலவுகின்றன. ஏடுவிட்டு ஏடு தாவுவது அரிது. இவ்வியல்பே அவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்று அவர்கள் காட்டினர். தனி ஏடு ஒன்றைப் பிரித்தெடுத்துக் கையாளும் வகை அக்காலத்தில் இல்லை. சுவடியைத் திறவாமலே அதன் ஏட்டின் இயல்பைக் கூறியது போன்றது அவ்வாய்வு.

கிருஷ்ணன் 1940ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1942ஆம் ஆண்டில் அலகாபாத்துப் பல்கலைக்கழகத்தின் இயற்பியற் பேராசிரியரானார். அங்கே உலோகங்களில் எலக்ட்ரான்கள் இயங்கும் முறையையும், உருகிய உலோகங்களின் மின்தடையையும் ஆராய்ந்தார். 1946ஆம் ஆண்டில் 'சர்' பட்டம் அவருக்குக் கிடைத்தது.

1947ஆம் ஆண்டில் நாடு விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே புதுதில்லியில் அமையவிருந்த தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராகக் கிருஷ்ணன் அமர்த்தப்பெற்றார். 1950ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் சர்தார் வல்லபாய் படேல் அவ்வாய்வுக்கூடத்தைத் திறந்துவைத்தார். நிர்வாகப் பொறுப்புகள் மிகுந்தபோதும் கிருஷ்ணன் ஆய்வைக் கைவிடவில்லை. வெற்றிடத்தில் வெப்பமூட்டப்பெற்ற உலோக இழையில் வெப்பம் பரவியிருக்கும் முறையை அவர் அங்கே ஆராய்ந்தார். 1954ஆம் ஆண்டிற் பத்மபூஷண் விருதும், பிறகு சாந்தி சொரூப் பட்நாகர் பரிசும் பெற்றார். அப்பரிசை முதன்முதற் பெற்றவர் அவரே. இனிய நகைச்சுவையுடன் உரையாடும் அவர், 1961ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் தில்லியில் இயற்கை எய்தினார்.

மறைவுக்குப் பின்

இராமன் விளைவுக்கு ஒரு குறை இருந்தது. அவ்வொளி மிக மிக மங்கியது. உட்செல்லும் ஒளித்துகள்கள் ஒரு கோடியாயின், இவ்வாறு நிறம் மாறுவது ஏறத்தாழ ஒன்றே என்னலாம். மேலும், பொருளின் ஒளிர்வு இடையே புகுந்தால் அம்மங்கிய ஒளி அதில் மூழ்கிவிடும். கிருஷ்ணனின் தலைமுறையினரை மயங்கச் செய்த அதே ஒளிர்வு, பின்வந்தோர்க்கும் பகையாகவே நின்றது.

1974ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சவுதாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர், சொரசொரப்பாக்கிய வெள்ளியின்மேற் படிந்த பிரிடின் என்னும் பொருளை ஆராய்ந்தபோது, இராமன் ஒளி வியக்கத்தக்க வலிவுடன் தோன்றியது. 1977ஆம் ஆண்டில் வேறிரு குழுவினர் அளந்து பார்த்து, அவ்வொளி இலட்சம் மடங்குக்குமேற் பெருகியிருப்பதை உணர்த்தினர். இதன் காரணம் உலோகத்தில் உலவும் எலக்ட்ரான்களே. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். சில பத்து நானோமீட்டர் அளவுள்ள வெள்ளி அல்லது பொன் துகளின்மேல் ஒளி படும்போது, அதன் எலக்ட்ரான்கள் ஒன்றுசேர்ந்து ஊசலாடுகின்றன. கண்மாயிற் பரந்து நிற்கும் நீர், ஒடுங்கிய மடைவழியே வெளியேறுங்கால் விசை மிகுந்து பாய்வதை வத்திராயிருப்பு உழவர் அறிவர். அதுபோலவே, இரு துகள்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய இடுக்கில் ஒளி செறிவுறுகின்றது. அவ்விடுக்கில் அகப்பட்ட மூலக்கூறு மிகுந்த வலிவுடன் தன் அடையாளத்தைக் காட்டுகின்றது.

2004ஆம் ஆண்டில், மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெய்ம், நோவோசெலொவ் என்னும் இருவர், ஒட்டும் நாடாவால் கிராபைட்டினின்று தனி ஏடு ஒன்றைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். ஓரணுப் பருமனே உடைய அவ்வேட்டிற்குக் கிராபீன் என்பது பெயர். 2010ஆம் ஆண்டில் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர். கிராபீனின்மேற் படிந்த சில மூலக்கூறுகளின் இராமன் ஒளியும் வலிவுறுகின்றது என்பது அவ்வாண்டிலேயே வெளியாயிற்று.

உலோகத் துகளையும் கிராபீனையும் ஒருங்கு சேர்த்தால் பயன் மிகும் என்று ஆய்வாளர் கண்டனர். உலோகத் துகள் ஒளியைச் செறியச் செய்கின்றது. கிராபீன், வளைய அமைப்புடைய மூலக்கூறுகளைத் தன் தட்டையான பரப்பில் ஈர்த்து இருத்துகின்றது. அவற்றோடு எலக்ட்ரான்களைப் பகிர்ந்து இராமன் ஒளிக்குத் துணைபுரிகின்றது. உலோகத்தின்மேல் விரித்தால், மெல்லிய போர்வைபோல அதனைக் காற்றினாற் கெடாமற் காக்கவும் உதவுகின்றது. இவற்றினும் சிறந்த உதவி ஒன்றுண்டு. மூலக்கூறு விழுங்கிய ஒளியாற்றலைக் கிராபீன் விரைந்து தான் வாங்கிக்கொள்வதால், இடையூறாக நின்ற ஒளிர்வு அடங்குகின்றது. இராமன் ஒளி தெளிவாகத் தெரிகின்றது. பயிரிற் படிந்த பூச்சிமருந்தின் எச்சத்தையும், உணவிற் கலந்த நஞ்சையும் மிகச் சிறு அளவிற் கண்டறிய இம்முறையைப் பயன்படுத்த ஆய்வாளர் முயன்றுவருகின்றனர்.

இவற்றையெல்லாம் செய்தவர் கிருஷ்ணனுக்குப் பின்வந்தோரே. ஆயினும் சிதறும் ஒளி, கிராபைட்டின் ஏடு, உலோகத்தின் எலக்ட்ரான் என்னும் மூன்றும் அவர் தம் வாழ்நாளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பயின்ற பொருள்களாகும். தனித்தனியே அவர் உழுத மூன்று வயல்களும் அவர் மறைந்த பின்னர் ஒரே விளைநிலமாயின.

மதுரையின் பொற்கொல்லர் பொன்னின் மாற்றை அறியக் கரிய உரைகல்லைப் பயன்படுத்துவர். பொன்னும் கருங்கல்லும் கூடும்போது, மறைந்துள்ள தன்மை வெளிப்படுகின்றது. இன்று நுண்ணிய பொன்துகளும் கரியணுக்களாலான கிராபீனும் கூடி மூலக்கூற்றின் மாற்றை அறிவிக்கின்றன. மாற்றை அறிந்து மகிழ்வோர் பொன்னையே புகழ்வர். உரைகல்லை நினைப்பவர் சிலரே. ஆயினும் உரைகல் இன்றேல் பொன்னின் பெருமை விளங்காது. பிறர் பெயரால் விளங்கும் பேருண்மைக்கு உரைகல்லாய் நின்று, பின்னர்த் தம் உழைப்பாலேயே ஒளிர்ந்த கிருஷ்ணனுக்குக் கரியமாணிக்கம் என்னும் பெயர் சாலப் பொருந்தும். பெயர் கிட்டுமோ கிட்டாதோ என்று எண்ணாது, மங்கிய ஒளியையும் ஒதுக்காது ஆராய்ந்த அவரது பொறுமையை நாமும் பின்பற்றுவோமாக.